மேடை விளிம்பில் முதல் கட்டு

சுருட்டுச் சாம்பலை முகர்ந்து பார்த்துத் திருடனைப் பிடித்தவர்கள் உண்டு. பூதக்கண்ணாடியோடு தரையில் தவழ்ந்து பிடித்தவர்களும் உண்டு. ஒரு போலீஸ் சார்ஜண்டின் கால்சட்டைப் பின்புறத்தைத் தவிர வேறெதையுமே பார்க்காமல், மூன்று மணி நேரம் குனிந்தே நின்று ஒரு திருடனை மடக்கியவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். மூன்று மணி நேரமெல்லாம் இல்லை, நாற்பது நிமிஷம்தான் என்று அந்தச் சார்ஜண்ட் சொல்வார். அவர் நிமிர்ந்து நின்றவர். நிமிர்ந்து நிற்பவர்களுக்கு நேரம் சீக்கிரம் போகும்.

1936 பிப்ரவரி. நான், ஆல்ஃப் டக்கெட், அப்போது மிஸ் எனிட் பேட்டர்ஸ்பியின் உதவியாளன். லாம்பெத்தில் விலாங்குமீன் கடைக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம். வழக்கோடு வருகிறவர்களில் பாதிப் பேர் படி ஏறுவதற்குள் பசி வந்து கீழேயே உட்கார்ந்துவிடுவார்கள். மிஸ் பேட்டர்ஸ்பி அதற்கு முன்னால் இருபது வருஷம் மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு, சபையில் இருப்பவர்களின் சட்டைப்பைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஒரு நீதிபதியின் சட்டைப்பையில் இருந்ததையும் உள்ளது உள்ளபடி சொல்லித் தொலைத்ததால் வேறு தொழில் பார்க்க வேண்டியதாயிற்று. நானும் மேடைக்காரன்தான். பதினாலு வருஷம், இரண்டு பேர் உள்ளே புகுந்து ஆடும் துணிக்குதிரையின் பின்னங்கால்கள். இங்கிலாந்து முழுவதும் சுற்றியிருக்கிறேன். ஒரு ஊரையும் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டில்லி மாஸ்கெல் மாடியேறி வந்தார். அறுபதை நெருங்கும் வயது. தொப்பியில் அவ்வளவு பழங்கள், ஒரு சந்தையே தலையில் ஏறி வந்த மாதிரி இருந்தது. பாட்டும் கோமாளிக்கூத்துமாக நடக்கும் மியூசிக் ஹால் மேடைகளில் முப்பது வருஷமாகப் பாடி வருகிறவர். அவர் குரல் எப்படிப்பட்டதென்றால், பிளிமத்தில் அவர் பாடும்போது துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தைத் தானாகத் தூக்கும். நான் பார்க்கவில்லை. குதிரைக்குள் இருந்தேன்.

அவர் சொன்னது இது. மில்பரி என்ற இடத்தில் ஒரு ஸ்டூடியோவில், ஒரு மியூசிக் ஹால் பாடகியைப் பற்றி இசையும் சிரிப்புமாக ஒரு படம் எடுக்கிறார்கள். கதாநாயகி சில்வியா டேர். எல்லாம் இருந்தது அந்தப் பெண்ணிடம், பாடத்தான் வராது. அதனால் டில்லி, வர்ணம் பூசிய ஒரு மதுக்கடைச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு ஓட்டை வழியாகப் பாடுவார். முன்னால் சில்வியா வாயை அசைப்பார். பாடகியைப் பற்றிய படத்தில் பாடகி சுவருக்குப் பின்னால். இதில் டில்லிக்கு வருத்தம் ஒன்றுமில்லை. சுவருக்குப் பின்னால் காற்று அடிக்காது என்றார்.

வருத்தம் வேறு. படத்தின் கடைசிப் பாட்டு, ‘யாரு குடை இது, ஆர்தர்?’, டில்லியின் பாட்டு. 1904இல் ஒரு பாட்டுக்காரரிடம் ஒரு கொழுத்த வாத்தும் ஒரு ஜோடி பூட்ஸும் கொடுத்து அவர் வாங்கியது. எங்கள் உலகத்தில் ஒரு பாட்டை ஒருவர் வாங்கிவிட்டால் அது அவருடையது. மற்றவர்கள் குளியலறையில்கூட யோசித்துத்தான் முணுமுணுப்பார்கள். இப்போதோ படத்தின் இசையமைப்பாளர் ரூபர்ட் வேன், அந்தப் பாட்டைப் போன வசந்தத்தில் தானே எழுதியதாகச் சொல்கிறார். டில்லி சண்டைக்குப் போன புதன்கிழமையே, அவருடைய அறையிலிருந்து தோல் பெட்டி காணாமல் போய்விட்டது. அதற்குள்தான் அந்தப் பாட்டின் இசைத்தாள்கள், பிடிலுக்கு ஒன்று, டிரம்பெட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக. முப்பது வருஷமாக ஊருக்கு ஊர் வாத்தியக்காரர்கள் அந்தத் தாள்களின் ஓரத்தில் பென்சிலால் தேதியும் பெயரும் வசவும் கிறுக்கி வைத்திருந்தார்கள். பாட்டு தன்னுடையது என்பதற்கு டில்லியிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குப் படத்தின் பெயர் அட்டையில் ‘பாடலும் இசையும்: ரூபர்ட் வேன்’ என்று எழுதப் போகிறார்கள்.

“என் பேரு திரையில வரணும்னு ஆசையில்ல, கண்ணு,” என்றார் டில்லி. “ஆனா அந்த ஆளு பேரை எழுதிட்டாங்கன்னா, நாளைக்கு என் பாட்டை நான் பாடினா என்னையத்தான் திருடின்னுவாங்க. எனக்கு வேற பாட்டு கிடையாது.”

மிஸ் பேட்டர்ஸ்பி குடையை எடுத்துக்கொண்டார். வழக்கை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

சனிக்கிழமை மில்பரி போனோம். வெளியே கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. உள்ளே இரண்டு இயந்திரங்கள் புகையைக் கக்கி மூடுபனி தயாரித்துக்கொண்டிருந்தன. வெளியில் இருப்பது பார்க்க மூடுபனி மாதிரி இல்லை என்று டைரக்டர் சொல்லிவிட்டாராம். செட்டுக்குள் ஒரு முழு மியூசிக் ஹால் கட்டியிருந்தார்கள்: மேடை, வாத்தியக்குழி, மேல் கேலரி, எல்லாம். கேலரியில் உட்கார நாற்பது பழைய மேடைக் கலைஞர்களை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு நடிப்புப் பள்ளி ஆசிரியர் நின்று, ஏழை ஜனங்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தாடையைத் தளர்த்த வேண்டுமாம். முப்பது வருஷம் ஊரைச் சிரிக்க வைத்தவர்கள் பவ்யமாகத் தாடையைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். மேடை மேல் எறிவதற்குக் கம்பளியில் பின்னிய தக்காளிகள் ஒரு கூடை.

அங்கே ஏற்கெனவே ஒரு போலீஸ்காரர் இருந்தார். சார்ஜண்ட் பம்ஃப்ரி. ஆறடி இரண்டு அங்குலம். மீசை மட்டும் தனியாக ஒரு அடி இருக்கும். பெட்டி திருட்டைப் பற்றி டில்லி கொடுத்த புகாருக்காக வந்தவர். பெட்டி என்றால் எங்காவது ரயிலில் விட்டிருப்பார்கள் என்பது அவர் முடிவு. அடுத்த வியாழக்கிழமை அவருக்கு இன்ஸ்பெக்டர் பதவிக்கு நேர்காணல் இருந்தது. அதை ஐந்து நிமிஷத்தில் நாலு தரம் சொல்லிவிட்டார்.

தயாரிப்பாளர் மிஸ்டர் கிராண்டி எங்களைத் தன் அறையில் நிறுத்தி வைத்தே பேசினார். பக்கத்தில் ரூபர்ட் வேன். கழுத்தில் ஒரு பட்டுச் சால்வை, மூக்கில் ஒரு நாடா கட்டிய கண்ணாடி. ஒவ்வொரு வார்த்தையையும் இஸ்திரி போட்டுத்தான் வெளியே விட்டார். எட்டு வருஷம் வியன்னாவில் இசை படித்தவராம். பாட்டு எப்படி வந்தது என்று மிஸ் பேட்டர்ஸ்பி கேட்டார். குளிக்கும்போது வந்ததாம்.

“மியூசிக் ஹால்னு சொல்றாங்களே, அதுக்குள்ள நான் ஒரு நாள்கூடக் கால் வச்சதில்லைங்க,” என்றார் வேன். “அந்த வாசனையே எனக்கு ஒத்துக்காது. அப்படி இருக்க, அந்தம்மா பாட்டு எனக்கு எப்படித் தெரியும்?”

கிராண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு பக்கம் வியன்னா, ஒரு பக்கம் தலையில் பழக்கூடை. யாரை நம்புவார்?

மிஸ் பேட்டர்ஸ்பி வேனின் இசைத்தாளைக் கேட்டு வாங்கினார். செட்டுக்குள் வந்து, வாத்தியக்குழியில் இருந்த பியானோவில் ஒற்றை விரலால் தட்டிப் பார்த்தார். பல்லவியில் இரண்டாவது வரி முடிந்ததும் தாளில் கொஞ்ச இடம் வெறுமையாக இருந்தது. ஒரு வாத்தியமும் வாசிக்கக் கூடாது என்று குறித்திருந்தது. இது எதற்கு என்று கேட்டார்.

“அது வியன்னா மௌனம்,” என்றார் வேன்.

கிராண்டி, அந்த மௌனத்துக்குத் தனியாக விலை கொடுத்து வாங்கியவர் மாதிரித் தலையை ஆட்டினார். மிஸ் பேட்டர்ஸ்பி மறுபடி வாசித்தார். விரல் அந்த வெற்றிடத்துக்கு வந்து நின்றதும், செட்டின் மறுகோடியில் டீ அண்டாவைச் சுற்றி நின்ற நாற்பது பேரும், கையில் கோப்பையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரே குரலில் “ஆர்தர்” என்று கத்தினார்கள். கூரையிலிருந்து மூன்று புறாக்கள் விழுந்தன. சரி, ஒன்று.

எங்கள் கேலரி ஜனங்கள் கத்துவதற்காக விட்டு வைத்த இடம் அது. உள்ளே உட்கார்ந்து கேட்காதவனுக்கு அந்த இடத்தை விட்டு வைக்க வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. நான் சார்ஜண்டை வெற்றிப் பார்வை பார்த்தேன். அவர் கொட்டாவி விட்டார். ஒரு வாரமாக இங்கே இந்தப் பாட்டைத்தான் ஒத்திகை பார்க்கிறார்கள், நாற்பது பேருக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும், இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்றார். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரி.

மிஸ் பேட்டர்ஸ்பி கோபப்படவில்லை. பியானோவை மூடிவிட்டு, கிராண்டியிடம் ஒரு சின்ன வேண்டுகோள் வைத்தார். இரண்டு பேரும் பாட்டு தன்னுடையது என்கிறார்கள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குத்தானே முடிவு. அதற்கு முன் பத்து மணிக்கு எங்கள் வழக்கப்படி ஒரு பேண்ட் கால் வைத்துக்கொள்ளலாமா? அது ஏதோ டீ விருந்து என்று நினைத்து கிராண்டி சரி என்றுவிட்டார். மிஸ் பேட்டர்ஸ்பி சுண்ணாம்புக் கட்டியால் கரும்பலகையில் எழுதினார்: ‘திங்கள், பத்து மணி, பேண்ட் கால்.’ வேறு ஒரு வார்த்தை இல்லை. வேன் கண்ணாடியைச் சரிசெய்து அதைப் படித்தார். அது என்ன கண்றாவியோ தெரியவில்லை, பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேண்டீனில் சார்ஜண்டுக்கு மிஸ் பேட்டர்ஸ்பி விளக்கினார். பேண்ட் கால் என்பது எங்களிடம் திங்கட்கிழமை காலை ஒத்திகை. அந்த வாரம் ஆடப் போகிறவர்கள் எல்லாரும் வந்து, தங்கள் இசைத்தாள் கட்டை மேடை விளிம்பில், விளக்குகளை ஒட்டி, வந்த வரிசையில் வைப்பார்கள். முதல் கட்டுக்கு முதல் ஒத்திகை. இரண்டு பேர் ஒரே பாட்டோடு வந்துவிட்டால், எவர் கட்டு முதலில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த வாரம் பாட்டு. மற்றவர் வாயைத் திறக்க முடியாது. அப்பீல் கிடையாது. அதனால் பாட்டைப் பறிகொடுக்கப் பயப்படுகிறவன் பத்து மணி என்றால் பால் வண்டிக்கு முன்னால் வந்து கட்டை வைத்துவிட்டுப் போவான். வெளியாளுக்குப் பத்து மணி என்றால் பத்து மணிதான்.

சார்ஜண்ட் சிரித்த சிரிப்பில் அவர் தட்டிலிருந்த பன் என் தட்டுக்கு வந்தது. நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

“வியன்னால படிச்ச பெரிய மனுஷன், இந்தக் குளிருல ஆறு மணிக்கு எந்திரிச்சு வந்து, தரையில காகிதம் வைப்பாருங்கறீங்க. நடக்கவே நடக்காதும்மா.”

“மூளை வியன்னால படிச்சிருக்கலாம், சார்ஜண்ட்,” என்றார் மிஸ் பேட்டர்ஸ்பி. “காலு எங்க படிச்சுதுன்னு நான் பாக்கணும்.”

அவர் பார்த்தால் செல்லாது, அதுதான் சங்கடம். எங்கள் கண்கள் டில்லி அமர்த்திய கண்கள். அந்த நாற்பது பேரும் டில்லியின் பழைய கூட்டாளிகள். கிராண்டி மறுக்க முடியாத கண் போலீஸ் கண் ஒன்றுதான். வியாழக்கிழமை நேர்காணலில் ஒரு வழக்கு முடிந்தது என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று மிஸ் பேட்டர்ஸ்பி நயமாகக் கேட்டார். சார்ஜண்ட் மீசையைத் தடவினார். எங்கே ஒளிவது என்று கேட்டார்.

மேடையில் ஒளிய இடமில்லை. திங்கட்கிழமை புதுத் திரை தைப்பதற்காகப் பழைய திரைகளைக் கழற்றி, மேடையைத் துடைத்து வைத்த தட்டு மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஓரத்தில் ஒன்றே ஒன்று நின்றது. படத்தின் கடைசிக் காட்சிக்கான துணிக்குதிரை.

சார்ஜண்ட் முகம் போன போக்கை நான் இப்போதும் மழைநாட்களில் நினைத்துக்கொள்வேன். கால் வலி குறையும். ராஜாவின் சீருடை போட்டவர் குதிரைக்குள் போவதா, இது ஸ்டேஷனுக்குத் தெரிந்தால் தன்னைக் கடைசிவரை லாயத்தில்தான் கட்டுவார்கள் என்றார். நான் ஆறுதல் சொன்னேன்.

“நீங்க முன்னாடி, சார்ஜண்ட். அது கௌரவம். பதினாலு வருஷம் கேட்டு எனக்குக் கிடைக்காத பதவி.”

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் உள்ளே போனோம். குதிரைக்குள் எப்போதும் ஒரே வாசனைதான்: அந்துருண்டை, பழைய வியர்வை, யாரோ 1922இல் சாப்பிட்ட வெங்காயம். எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. குதிரையின் வாய் வழியாகப் பார்ப்பது முன்னங்காலின் வேலை. பின்னங்கால் முன்னங்காலின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும். நான் பிடித்தேன். அரசாங்கக் கால்சட்டை, நல்ல கெட்டித் துணி, இடது பக்கம் ஒரு சின்ன ஒட்டு. இன்றைக்கும் படம் வரைந்து காட்டுவேன்.

தும்மல் வந்தால் கனைத்துவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அரிப்பு வந்தால் மனதில் எண்ணிக்கொள்ளுங்கள், இருநூறுக்குள் போய்விடும் என்றேன். இருநூற்றுப் பத்து வரை எண்ணியும் போகவில்லை என்று அவர் கிசுகிசுத்தார். சட்ட விரோதமான குதிரை இது என்றார். யாரும் வரப் போவதில்லை என்று ஏழாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு கிறீச்சிட்டது.

சார்ஜண்டின் முதுகு கல்லாகிவிட்டது.

எனக்குக் காது மட்டும்தான். ஒற்றை ஆள். மெல்லிய அடிப்பாகம் வைத்த, விலை உயர்ந்த ஷூ. ஒற்றைக் காவல் விளக்கின் மங்கலில் தடுமாறவில்லை; நேரே மேடை விளிம்புக்குப் போனது. அங்கே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு தரையில் காகிதம் உரசும் சத்தம். ஒரு தரம். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு தரம். ஷூ திரும்பி எங்களை நோக்கி வந்தது. சார்ஜண்ட் மூச்சை நிறுத்திவிட்டார். வந்த ஆள், மேடைக்காரர்கள் குதிரையைக் கடந்து போகும்போது எப்போதும் செய்கிற மாதிரி, பின்புறத்தில் பளாரென்று ஒரு அறை விட்டுவிட்டுப் போனார். அந்தத் தழும்பு மூன்று நாள் இருந்தது. ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். போகும்போது அவர் மூக்கால் முனகிக்கொண்டே போனார். அது பாட்டின் மெட்டு இல்லை. மெட்டுக்குக் கீழே இரண்டாம் பிடில் இழுக்குமே, அந்த அடி இழை.

கதவு மூடியதும் கேட்டேன், யார், என்ன செய்தார் என்று. சார்ஜண்ட் குதிரைத் தலையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். முகம் பீட்ரூட். சீருடையிலிருந்து குதிரை மயிரைத் தட்டிவிட்டார்.

“டக்கெட், நான் இங்க இல்லவே இல்லை. நான் எதையும் பாக்கலை. வியாழக்கிழமை முடியற வரைக்கும் எனக்கு எந்தக் குதிரையும் தெரியாது.”

போய்விட்டார். நான் கேண்டீனுக்கு ஓடினேன். குனிந்தே ஓடினேன், இடுப்பு நிமிர மறுத்துவிட்டது. மிஸ் பேட்டர்ஸ்பி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே பன்னுக்கு வெண்ணெய் தடவினார். காகிதம் எத்தனை தரம் உரசியது என்று மட்டும் கேட்டார். இரண்டு தரம் என்றேன். அப்படியா என்று சொல்லி முழு பன்னையும் சாப்பிட்டு முடித்தார். நான் எரிச்சலோடு நின்றேன். சாட்சி தப்பி ஓடிவிட்டதே என்றேன். ஓடவில்லை, சீருடைக்கு இஸ்திரி போடப் போயிருக்கிறார் என்றார்.

பத்து மணிக்கு எல்லாரும் கூடினார்கள். நாற்பது கலைஞர்கள், வாத்தியக்காரர்கள், மிஸ்டர் கிராண்டி, அவருடைய டைப்பிஸ்ட். சுவருக்குப் பின்னாலிருந்து டில்லி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்; கை ஈரமாக இல்லை. சில்வியா டேர் வந்து டில்லி பக்கத்தில் நின்றுகொண்டார், அதை நான் கவனித்தேன். ரூபர்ட் வேன் சரியாகப் பத்து மணி இரண்டு நிமிஷத்துக்கு, அப்போதுதான் விடிந்த மாதிரி, கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார். கதவோரம் சார்ஜண்ட் பம்ஃப்ரி, கூரையைப் பார்த்தபடி.

மேடை விளிம்பில் இரண்டு கட்டுகள் இருந்தன. முதலாவது புதுத் தாள், வேனின் கட்டு. பக்கத்தில் சிவப்பு நாடா கட்டிய இன்னொன்று.

மிஸ் பேட்டர்ஸ்பி வாத்தியக் குழுத் தலைவரிடம் எந்தக் கட்டு முதலில் என்று கேட்டார். வேனுடையது என்றார் அவர். அது எப்படி அங்கே வந்தது என்று வேனைக் கேட்டார். அலுவலகத்தில் யாராவது கொண்டுவந்து வைத்திருப்பார்கள், அதையெல்லாம் தான் கவனிப்பதில்லை என்றார் வேன்.

“சிவப்பு நாடாக் கட்டை நான் வச்சேன்,” என்றார் மிஸ் பேட்டர்ஸ்பி. “அஞ்சரை மணிக்கு. டில்லி பேரை மேல எழுதி, உள்ள வெறும் வெள்ளைத் தாள். மேடையில வேற எதுவுமே இல்ல. முதல் இடத்துல வச்சேன். இப்போ ரெண்டாவது இடத்துல இருக்கு.”

எனக்கே அது புதிது. ஆறு மணிக்கு வந்ததும் குதிரையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. நாற்பது பேரிடமும் ஒரு சலசலப்பு ஓடியது. கிராண்டிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. மிஸ் பேட்டர்ஸ்பி அவருக்காக விளக்கினார். மியூசிக் ஹால் தெரியாத ஆள் என்றால் அந்தக் கட்டைக் கண்டுகொள்ளவே மாட்டான். வெறும் திருடன் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். பிரித்துக்கூடப் பார்க்காமல், அதை ஒரு இடம் தள்ளிவைத்து, தன்னுடையதை முதலாவதாக வைக்கிறவன் எங்கள் ஆளாகத்தான் இருப்பான்.

வேன் அழகாகச் சிரித்தார். பெருக்க வந்தவர்கள் நகர்த்தியிருக்கலாம், பூனை நகர்த்தியிருக்கலாம் என்றார். தான் விடுதியில் ஒன்பது மணி வரை தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வேறு மாதிரி யாராவது பார்த்தார்களா என்று நிதானமாகக் கேட்டார்.

நானும் மிஸ் பேட்டர்ஸ்பியும் கதவைப் பார்த்தோம். சார்ஜண்ட் கூரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். கிராண்டி கடிகாரத்தை எடுத்தார். அட்டை எழுதுகிறவர் தூரிகையோடு காத்திருக்கிறார் என்றார். டில்லிக்குப் புரிந்துவிட்டது. நான் சார்ஜண்டைப் பார்த்த பார்வையும் அவர் காது சிவந்ததும் போதும். மேடையில் முப்பது வருஷம் நின்றவருக்கு முகம் படிக்க வராதா? அவர் சார்ஜண்ட் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரிதான் சொன்னார். ஆனால் அவர் குரல் அப்படிப்பட்டது இல்லையே.

“விடு, கண்ணு. வியாழக்கிழமை உனக்கு இன்டர்வியூன்னு சொன்னாங்க. நல்லபடியா பண்ணு. என் பாட்டு போனா போகுது.”

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு கை உள்ளே போகவில்லை. சில்வியா டேர் பிடித்து உதவினார்.

சார்ஜண்ட் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

“ஆறு நாப்பத்திரெண்டு,” என்றார். “இந்த ஆளுதான் வந்தாரு. சிவப்பு நாடாக் கட்டைப் பாத்துட்டு நின்னாரு. அதைக் காலால தள்ளலை, கையால மரியாதையா நகத்தினாரு. தன்னோடதை முதல்ல வச்சாரு. விளிம்போட நேரா இருக்கான்னு வேற பாத்தாரு.”

எங்கிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டார் கிராண்டி. மறைவான ஒரு இடத்திலிருந்து என்றார் சார்ஜண்ட். எந்த மறைவு, மேடை உள்ளங்கை மாதிரி இருக்கிறது, ஆறடி ஆள் எங்கே மறைய முடியும் என்றார் கிராண்டி. போலீஸ் சாட்சி பொய் சொல்வதை நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை என்றார் வேன். இஸ்திரி மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது.

சார்ஜண்ட் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தோளிலிருந்து இன்னும் ஒரு குதிரை மயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

“குதிரைக்குள்ள இருந்தேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “முன்னாடி.”

கிராண்டி சிரிக்க வாயைத் திறந்தார். கூட யாரும் சேரவில்லை. அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் ஒரு காலத்தில் குதிரைக்குள் இருந்தவர்கள். முன்னங்கால் என்றால் அவர்களுக்கு அது ஒரு பதவி. கேலரி வரிசையிலிருந்த ஒரு கிழவர் எழுந்து சார்ஜண்டுக்குத் தொப்பியைத் தூக்கினார். அப்புறம் இன்னொருவர். கம்பளித் தக்காளி ஒன்று எங்கிருந்தோ வந்து வேனின் சால்வையில் பட்டது.

வேன் தடுமாறி வாத்தியக்குழிக்குள் இறங்கினார். அங்கே இருபது காலி நாற்காலிகள். போய் உட்கார்ந்தது இரண்டாம் பிடில்காரரின் நாற்காலியில். அவராகத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்தக் கால்கள் கொண்டுபோய் உட்கார வைத்தன. தன் பெயர் ரெஜ் வாட்கின் என்றார். 1909இலிருந்து மூன்று வருஷம் விகன் ஊர் ஹாலில் இரண்டாம் பிடில். டில்லியின் தாளிலேயே ஓரத்தில் அவர் பென்சில் கையெழுத்து இருந்தது. அதற்காகத்தான் பெட்டியையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. பெட்டி எங்கே என்று மிஸ் பேட்டர்ஸ்பி கேட்டார். தன் அறையில், பியானோ ஸ்டூலுக்குள்.

“எரிச்சிருக்கலாமே,” என்றார் டில்லி.

“இசைத்தாளைப் போய் யாராவது எரிப்பாங்களா, டில்லி?” என்றார் அவர். இஸ்திரி முழுவதும் போய்விட்டது. சுத்தமான விகன் பேச்சு.

டில்லி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மூணாவது சரணத்துக்கு எப்பவும் லேட்டா வருவானே, அவனா நீ என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வியன்னாவில் அவர் எட்டு நாள் இருந்தாராம், மழையில்.

பெட்டி வந்தது. டில்லி அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிராண்டி ஐந்து நிமிஷத்தில் தான் ஆரம்பத்திலிருந்தே டில்லி பக்கம்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வக்கீல்கள் விடமாட்டார்களே. பெயரை மாற்ற வேண்டுமென்றால் சாட்சியம் எழுத்தில் வேண்டும், கடைசி எழுத்து வரை வேண்டும் என்றார். டைப்பிஸ்ட் பெண் இயந்திரத்தில் தாளைச் செருகி, போலீஸ் தரப்பில் என்ன எழுதுவது என்று கேட்டாள். வேண்டுமானால் இடத்தைக் குறிப்பிடாமல் விட்டுவிடலாம் என்று மிஸ் பேட்டர்ஸ்பியே மெதுவாகச் சொன்னார். சார்ஜண்ட் பம்ஃப்ரி தலையை ஆட்டினார். மேடை விளிம்புக்கு வந்து, ஒவ்வொரு வார்த்தையாக, டைப் அடிக்க நேரம் விட்டுச் சொன்னார்.

“எழுதிக்கம்மா. ஒரு மனுஷன் விடியறதுக்குள்ள எந்திரிச்சு வந்து தரையில காகிதம் வைப்பான்னு சனிக்கிழமை சொன்னாங்க. நடக்கவே நடக்காதுன்னு சிரிச்சது நான் ஒருத்தன்தான். நடந்துச்சு. குதிரை வாய் வழியா என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.”